கொக்கியும் சேர்த்துத்தான் பாரம்

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய உணவுத் திட்டம் நேற்று வந்தது. நான்கு பக்கம், பளபளவென்ற தாள், ஓரத்தில் ஆரஞ்சுப் பழம் படம். உறையைப் பிரித்ததுமே அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். "என் பொண்ணு ஆஸ்பத்திரியில உணவு ஆலோசகர், அவ அப்பாவுக்குன்னே போட்டு அனுப்பியிருக்கா" என்று தெரு முழுக்கக் காட்டிய பிறகுதான் எனக்குப் படிக்கக் கிடைத்தது.

போனில் சொல்லலாமே என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. முப்பது வருடமாக வாக்கி டாக்கியில் 'தூக்கு, இறக்கு, நில்லு' என்று பேசியவனுக்கு, போனை எடுத்தால் 'ம்' தவிர வேறொன்றும் வருவதில்லை. பேனா பிடித்தால்தான் வாய் திறக்கிறது.

விஷயத்தை அம்மா அரைகுறையாகச் சொல்லியிருப்பாள், முழுதாகக் கேள். மேலே இருக்கும்போது எனக்கு மயக்கம் வந்தாலோ கிரேனில் கோளாறு வந்தாலோ, என்னைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்க ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். அது நூற்றுப்பத்துக் கிலோதான் தாங்கும். என் எடை நூற்று இருபத்தொன்று. புதிதாக வந்த பாதுகாப்பு மேடம் செப்டம்பர் முப்பதாம் தேதி எல்லா ஓட்டுநர்களையும் நிறுத்துப் பார்க்கப்போகிறார். அன்றைக்கு நான் தேறாவிட்டால் அதோடு கிரேன் முடிந்தது. அக்டோபரில் கட்டடத்தின் உச்சிக்குக் கடைசி உத்தரம் ஏறுகிறது. இந்தக் கட்டடத்துக்கு முதல் கம்பிக்கட்டை இறக்கியவன் நான். கடைசியும் என் கையால் ஏற வேண்டும் என்று ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

ஒரே ஒரு குறை. தாளின் உச்சியில் 'தொழில்: அலுவலகப் பணி' என்று போட்டிருக்கிறாய். தினமும் எழுபது மீட்டர், இருநூற்று முப்பத்தாறு படி ஏறி இறங்குகிறவன் எந்த அலுவலகத்தில் வேலை செய்கிறான்? இந்த இரண்டு சொல்லை முன்பும் ஒரு தாளில் பார்த்திருக்கிறேன். போகட்டும், வேலைக்கு நேரமாகிறது.

வயிறு நிறைந்த ஆசிகளுடன்,
அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் படிவத்தில் மூன்றே வகைதான்: அலுவலகப் பணி, வீட்டுப் பணி, கடின உழைப்பு. நீங்கள் கேபினில் உட்கார்ந்துதானே வேலை செய்கிறீர்கள் என்று முதல் கட்டத்தைத் தட்டிவிட்டேன். படிகளை மறந்தது என் தப்பு.

புதுத் திட்டம் இணைத்திருக்கிறேன். ஏறி இறங்கும் உழைப்புக்காகப் பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், நாலு மணிக்கு இரண்டு ரொட்டித் துண்டுகளும் கூட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் மேலே போய்க் கை நடுங்கும். காலை ஏழு மணிச் சாப்பாட்டை மட்டும் விடவே கூடாது. ஆறு வேளை, அளவாக. இதை ஒழுங்காகச் செய்தால் மாதம் மூன்று கிலோ கண்டிப்பாக இறங்கும்.

முன்பு பார்த்த தாள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மாவிடம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்கமாக இருக்கிறது. (கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டாம்.)

அன்பும் கண்டிப்பும் கலந்து,
பாப்பா


மார்ச் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னபடி நிமிடம் தவறாமல் சாப்பிட்டேன். ஏழு மணிக்கு ஏழு மணி. பதினொன்றுக்குப் பழம், கடலை. நாலுக்கு ரொட்டி. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறுகிறாள்.

எடை நூற்று இருபத்து மூன்று.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. தராசு சரியில்லையோ என்று மூன்று கடையில் ஏறிப் பார்த்தேன். மூன்றும் பேசி வைத்தாற்போல ஒரே பதில் சொல்கின்றன. என் உடம்புக்கே மூளை கெட்டுவிட்டது போலிருக்கிறது.

மற்றபடி வேலை நன்றாகப் போகிறது. மேலே காற்று கொஞ்சம் அதிகம். பூனை குட்டி போட்டிருக்கிறது, நான்கு. நான் பிஸ்கட் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே கேபிள் சுருளுக்குப் பின்னாலிருந்து வந்து காலடியில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு ஒன்று, எனக்கு இரண்டு. பாலூட்டுகிற ஜீவன், விரட்ட மனசு வரவில்லை. லாரி வருகிறவரை அதுதான் பேச்சுத்துணை.

உன் திட்டத்தில் ஏதாவது குறைக்க முடியுமா என்று பார்.

எடை கூடிய,
அப்பா


மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒரே ஒரு கேள்வி.

எழுபது மீட்டர் உயரம், இருநூற்று முப்பத்தாறு படி. பூனை எப்படி ஏறியது?

காதில் பூ சுற்றாமல் பதில் எழுதுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 8

பாப்பா,

பூனை ஏறவில்லை. நான்தான் இறங்கிவிட்டேன்.

டிசம்பரிலேயே. பாதுகாப்பு மேடம் வந்த முதல் வாரமே என்னை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார வைத்துவிட்டார். "செப்டம்பர் வரைக்கும் டைம் தரேன், அதுவரைக்கும் ஸ்டோர் ரூம் பாத்துக்குங்க" என்றார். அவரைத் திட்டுவதற்கில்லை. அந்தப் பட்டை அறுந்தால் பாரம் நான்தான். எனக்குப் பதிலாக, ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிற இன்னொரு ஓட்டுநர் ஏறுகிறான். என் வயதுதான், ஆனால் ஒரு துடைப்பத்துக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான். நல்ல ஓட்டுநர், ஆனால் பாரத்தைக் கொஞ்சம் ஆட்டுவான். கீழே உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கிற கொடுமை உனக்குச் சொன்னாலும் புரியாது.

ஆக, இந்த நான்கு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து, ஆணி கேட்டால் ஆணி, கேபிள் கேட்டால் கேபிள் எடுத்துக் கொடுக்கிறேன். 'அலுவலகப் பணி' என்று நீ போட்டது சரி. சரியாக இருந்ததால்தான் சுருக்கென்றது. வீம்புக்குப் படிக்கணக்கு எழுதினேன். நீயும் நம்பி, ஏறாத படிக்கெல்லாம் கடலை போட்டாய், நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

அம்மாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நீ ஏழாவது படித்தபோது பள்ளிக்கூடப் படிவம் ஒன்று கொண்டுவந்தாய். 'தந்தையின் தொழில்: அலுவலகப் பணி' என்று உன் கையெழுத்தில் இருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்தான் நான் சொன்னது. அன்றைக்கு நீ என்னை மறைத்தாய், இன்றைக்கு நான் என்னை மறைத்தேன். கணக்கு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளேன்.

அப்பா


ஏப்ரல் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கணக்கு சரியாகவில்லை.

பொய் சொன்னீர்கள் என்று முதலில் ரொம்பக் கோபம் வந்தது. ஆலோசகரிடம் உண்மையைச் சொல்லாதவருக்கு எந்தத் திட்டமும் பலிக்காது என்று நோயாளிகளுக்குத் தினமும் உபதேசம் செய்கிறவள் நான். என் வீட்டிலேயே இப்படியா என்று மூக்கு அறுபட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் கடைசிப் பத்தியைப் படித்தேன். அந்தப் படிவம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'புரியவில்லை' என்று பிப்ரவரியில் எழுதியது பொய். பக்கத்துப் பெஞ்சுக்காரியின் அப்பா வங்கியில் வேலை. என் அப்பா கிரேன் ஓட்டுகிறார் என்றால் சிரிப்பார்களோ என்று பயந்து அப்படி எழுதினேன். நீங்கள் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கவனித்துவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். அப்பா, ஒரு அறை விட்டிருக்கலாம். பரவாயில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது திட்டம் அனுப்பப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் நாள் எப்படிப் போகிறது என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள், எப்போது பசிக்கிறது, எதைக் கண்டால் கை நீள்கிறது, ஒன்றுமே கேட்காமல் ஆரஞ்சுப் பழம் போட்ட தாளை அனுப்பினேன். உங்களைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்களே போடுங்கள். நான் சரிபார்க்கிறேன். ரத்தப் பரிசோதனை மட்டும் முதலில் செய்துவிடுங்கள், அதில் பேரமில்லை.

உங்களிடம் இரண்டு தடவை தோற்ற,
பாப்பா


மே 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரத்தப் பரிசோதனைத் தாளை இணைத்திருக்கிறேன். சர்க்கரை இல்லை. கொழுப்பு கொஞ்சம் உண்டு, அது பார்த்தாலே தெரியும். எடை இப்போது நூற்றுப் பதினெட்டு. ஆமாம், எழுத்துப் பிழை இல்லை, நூற்றுப் பதினெட்டு!

எப்படி என்று சொல்கிறேன், காதைக் கொடு. கிரேனுக்கு ஒரு தினக் குறிப்பு நோட்டு உண்டு. எத்தனை மணிக்கு, என்ன பாரம், எதற்கு என்று ஒவ்வொரு தூக்கையும் எழுத வேண்டும். அதே மாதிரி நோட்டு ஒன்று வாங்கி இரண்டு வாரம் என் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன். தொண்ணூற்று நான்கு தூக்கு! 'எதற்கு' என்ற பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். பசி, பத்தொன்பது. யாரோ அன்பாக நீட்டினார்கள், மறுக்க முடியவில்லை, இருபது. அம்மா முகம் வாடிவிடுமே என்று, பதினான்கு. மீதி நாற்பத்தொன்றும் காத்திருந்த நேரம். லாரிக்குக் காத்திருந்தேன், கையெழுத்துக்குக் காத்திருந்தேன், சும்மா காத்திருந்தேன். மேலே கேபினிலும் இதே கதைதான். கான்கிரீட் வண்டி வருகிறவரை வாக்கி டாக்கி பேசாது, அதுவரை பைக்குள் கை போய்க்கொண்டே இருக்கும். முப்பது வருடமாக அதைப் பசி என்றே நினைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஏறுவதற்கு முன்னால் நான் சாப்பிட்டதே இல்லை, வயிறு நிறைந்தால் பாதிப் படியில் மூச்சு முட்டும். அதனால் பத்து மணிக்குத்தான் எனக்குப் பசிக்கும். உன் தாளுக்காக ஏழு மணிக்கும் சாப்பிட்டேன், என் வயிற்றுக்காகப் பத்து மணிக்கும் சாப்பிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

கேபினில் என் கண்ணுக்கு நேரே ஒரு பாரப் பட்டியல் ஒட்டியிருக்கும். கொக்கி கோபுரத்துக்குக் கிட்டே இருந்தால் ஆறு டன் தூக்கலாம். கிரேன் கையின் நுனிக்குப் போய்விட்டால் ஒன்றரை டன்தான். என் வாயும் அப்படித்தான் என்று அந்த நோட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கை எட்டுகிற தூரத்தில் இருப்பது எவ்வளவு என்றாலும் போகும். எழுந்து போய் எடுக்க வேண்டியது என்றால் பாதிதான் போகும். தெருமுனைக்குப் போக வேண்டும் என்றால் சோம்பேறித்தனம் ஜெயித்துவிடும். ஆக எனக்குப் புத்தியைவிடச் சோம்பேறித்தனம் பெரிய உதவி. அதை வைத்தே திட்டம் போட்டேன்.

காலையில் ஒரு டம்ளர் டீ, முழுச் சர்க்கரையோடு. அதில் மட்டும் நீ கை வைக்காதே, அப்புறம் நான் மனுஷனாக இருக்க மாட்டேன். பத்து மணிக்கு இரண்டு முட்டையும் அவித்த பயறும். மதியம் வழக்கம்போலச் சோறு, ஆனால் டப்பா சின்னது. ஸ்டோர் மேசையில் தண்ணீரும் வெள்ளரிக்காயும் தவிர வேறெதுவும் கிடையாது. பிஸ்கட் டப்பா வாசல் காவலரிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் நூற்று எண்பது அடி நடந்து போய்க் கேட்க வேண்டும். லாரிக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் வாசலுக்கும் ஸ்டோருக்குமாக நடக்கிறேன். "என்ன சார், என் வேலைக்கும் சேத்து உலை வைக்கறீங்களா?" என்று காவலர் கேட்கிறார்.

யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்கிறேன், நன்றி சொல்கிறேன், டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அம்மா சாப்பிடுகிறாள். அவள் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள், நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே.

வீட்டில்தான் பெரிய சண்டை. சோற்றுப் பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதே, அடுப்படியிலேயே இருக்கட்டும் என்றேன். "என்னங்க இது, யாரோ மாதிரி தட்டு மட்டும் கொண்டுவந்து வெக்கறதா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே எழுந்து போய் அவளுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளுக்குப் பரிமாறியது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் திட்டத்துக்கு எதிர்ப்பே இல்லை.

ஞாயிறு மதியம் உன் அத்தை வீட்டில் சட்டம் கிடையாது. அங்கே போய் அளவு பேசினால் அவள் என்னைத் தம்பியே இல்லை என்பாள்.

இலக்கு: நூற்று ஐந்தரை.

நோட்டும் கையுமாக,
அப்பா


ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

என் மேசையில் உங்கள் கடிதத்தை விரித்து வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒன்றும் திருத்தாமல் மூடி வைத்தேன். நான்கு வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறேன், 'எதற்கு' என்று ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவில்லை!

சும்மா இருந்தால் என் கௌரவம் என்னாவது, அதனால் இரண்டே இரண்டு சொல்கிறேன். மதிய டப்பாவில் பாதி காய்கறியாக இருக்கட்டும். அம்மாவையும் உங்களோடு சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போங்கள், அந்த டப்பா விவகாரம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆனால் இலக்கு ஏன் நூற்று ஐந்தரை? பட்டை தாங்குவது நூற்றுப்பத்து. அதைத் தொட்டால் போதுமே. வீம்புக்கு அதிகமாகக் குறைக்க வேண்டாம்.

உங்களை நினைத்தாலே சிரிப்பு வருகிற,
பாப்பா


ஆகஸ்ட் 19

பாப்பா,

மூன்று வாரமாக நூற்றுப் பதினொன்றிலேயே நிற்கிறது. ஊசிமுனை அளவுகூட அசையவில்லை. இன்னும் ஆறு வாரம்தான். நாளையிலிருந்து பட்டினி கிடக்கலாம் என்றிருக்கிறேன். ஒல்லி நேற்று வந்து, "கடைசி உத்தரத்தை நான் தூக்கினா என்ன, நீ தூக்கினா என்ன?" என்று ஆறுதல் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா


ஆகஸ்ட் 25

அப்பா,

பட்டினி கூடாது. பாரம் பாதியில் நின்றால் வடத்தை வெட்டியா விடுவீர்கள்? நோட்டை எடுங்கள். மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். எங்கேயோ எழுதாத தூக்கு ஒன்று இருக்கும்.

பாப்பா


அக்டோபர் 13

அன்புள்ள பாப்பாவுக்கு,

முதலில் அந்த எழுதாத தூக்கு. அத்தை வீட்டு ஞாயிறு எப்போதோ சனிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் சட்டம் இல்லாத நாளாகிவிட்டன. நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நடையையும் இரட்டித்தேன், தராசு மறுபடி மளமளவென்று இறங்க ஆரம்பித்தது.

செப்டம்பர் முப்பது. ஸ்டோர் ரூம் வாசலிலேயே சிமெண்டு மூட்டை நிறுக்கிற தராசைப் போட்டிருந்தார்கள். பாதுகாப்பு மேடம் அட்டையோடு நிற்கிறார். கூட்டம். நான் பூட்ஸ், ஹெல்மெட், பட்டை, வாக்கி டாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் போய் நின்றேன். மேஸ்திரி பதறிப்போய், "யோவ், பூட்ஸையாவது கழட்டிட்டு ஏறு, உனக்குப் பகையா?" என்றார்.

"கொக்கியைக் கழட்டி வெச்சுட்டா பாரம் நிறுப்பீங்க?" என்று கேட்டேன்.

ஏன் நூற்று ஐந்தரை என்று கேட்டாயே, இதுதான். கொக்கி, சங்கிலி, வடம் எல்லாம் சேர்த்துத்தான் பாரம். அதை மறந்த ஓட்டுநர் கிரேனைக் கவிழ்ப்பான். அந்தப் பட்டையில் நான் தொங்கினால் வெறும் உடம்போடு தொங்க மாட்டேன், பூட்ஸோடும் பாட்டிலோடும்தான் தொங்குவேன். எல்லாம் சேர்த்து நாலரைக் கிலோ. முதல் நாளே அதைக் கழித்துத்தான் இலக்குப் போட்டேன். உன் ஆரஞ்சுப் பழத் தாளில் அது இல்லை, பாப்பா. என் நோட்டில் இருந்தது.

முள் நூற்று ஒன்பதரைக்கு முன்னால் நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். "மத்த எல்லாரையும் வெறும் ஆளாத்தான் நிறுத்தேன், சார். இது எனக்கே தோணலை. நாளைலேர்ந்து எல்லாரும் இப்படியே ஏறணும்" என்றார். பிறகு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். ஒல்லி விசில் அடித்தான்.

மறுநாள் ஏறினேன். நூறாவது படியில் நின்று மூச்சு வாங்குவது வழக்கம். அன்றைக்கு நிற்க மறந்துபோனேன். கேபினில் என் பாரப் பட்டியல் அப்படியே இருந்தது, நாற்காலியை மட்டும் ஒல்லி அவன் அளவுக்கு இழுத்து வைத்திருந்தான்.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கடைசி உத்தரம். ஒரு துளி ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது. கீழேயிருந்து கை தட்டினார்கள், மேலே எனக்குக் கேட்காது, கைகள் அசைவது மட்டும் தெரிந்தது. உன் அம்மா வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். யார் போகிறார் வருகிறார் என்று பார்க்காமல் எல்லோரிடமும் மேலே கை காட்டிக்கொண்டிருந்தாளாம். நான் பெருமைப்படுகிறேன், பாப்பா. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ரொம்பப் பெருமைப்படுகிறேன்.

பூனையும் குட்டிகளும் நலம். பிஸ்கட் இப்போது காவலர் கொடுக்கிறார்.

எழுபது மீட்டர் உயரத்திலிருந்து,
அப்பா


அக்டோபர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் தலைமை ஆலோசகரிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இத்தனை நாளில் நானூறு பேருக்காவது அந்த நாலு பக்கத் தாளைக் கொடுத்திருப்பேன். மறுமுறை வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இனி என் அறையில் முதல் நாள் தாள் கிடையாது. வெறும் நோட்டு ஒன்று கொடுக்கப்போகிறேன்: எத்தனை மணிக்கு, என்ன, எதற்கு. இரண்டு வாரம் கழித்து அவரவர் திட்டத்தை அவரவரே போட வேண்டும், நான் பக்கத்தில் உட்காருவேன். போன வாரம் ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். "உங்க வண்டியில கை எட்டற தூரத்துல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு வரி போட ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு உங்கள் சம்மதம் வேண்டுமாம். படிவம் இணைத்திருக்கிறேன். இதில் கட்டங்கள் இல்லை, வெறும் கோடுதான். தொழில் என்ற இடத்தை நானே என் கையால் நிரப்பிவிட்டேன்: 'என் அப்பா. டவர் கிரேன் ஓட்டுநர்.'

அதன் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தடவை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

உங்கள் மகள்